வேஷத்திற்கு யோக்கியதை எது?

நமது புதுவையில் ஒரு சினிமாப் படம் எடுக்கப்படப் போவதாகச் சேதி வந்தால் போதும். படம் கொட்டகைக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அதைப் பற்றிய விசாரணை நடந்து, தீர்ப்பும் சொல்லப்பட்டு விடுகின்றது. நேரு வீதி டீக்கடையிலும், சவரக் கடையிலும், சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்க உட்காருகிற இடத்திலும் இதே பேச்சாயிருக்கிறது. "டைரக்டர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் இந்த வேஷத்திற்குப் போயும் போயும் அந்த ஆளைப் போட்டாரே, அதுதான் மனதிற்குப் பிடிக்கவில்லை" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

இப்படிப் பேசுவதில் நாம் குற்றம் காணவில்லை. கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட சொத்தையா நல்லதா என்று திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறான். காசு கொடுத்து மூன்று மணி நேரத்தையும் கொடுத்துப் படம் பார்க்கிறவன் முன்கூட்டி யோசிப்பது நியாயமே ஆகும். ஆனால் சந்தேகம் என்று சொல்லப்படுவதெல்லாம் உண்மையில் சந்தேகம்தானா, எதிர்பார்ப்பு என்று சொல்லப்படுவதெல்லாம் எதிர்பார்ப்புத்தானா என்பதையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏனெனில் சந்தேகம் என்கின்ற பேரால் ஜாதிப் புத்தியும் பெண்ணடிமைப் புத்தியும், எதிர்பார்ப்பு என்கின்ற பேரால் பக்தியும், டிக்கட் வாங்காமலேயே கொட்டகைக்குள் நுழைந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொள்ளுகின்றன.

வெறும் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு போவதில் பிரயோஜனமில்லை ஆகையால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 2007-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி வெளிவந்த "பெரியார்" என்னும் படமே அது. அந்தப் படம் வெளிவருவதற்கு முன் அதைப்பற்றி எழுந்த நம்பிக்கையும், எழுந்த சந்தேகமும், பின்னால் நடந்ததும் நமக்கு நல்ல பாடமாக இருக்கின்றன.

டைரக்டர் பேரில் நம்பிக்கை

அந்தப் படத்தை எடுத்தவர் தோழர் ஞான ராஜசேகரன். இவர் 1995-ல் தி. ஜானகிராமனுடைய நாவலை "மோகமுள்" என்று படமாக்கி, முதற் படம் எடுத்த டைரக்டருக்கு உள்ள தேசிய விருதைப் பெற்றவர். பிறகு 2000-ல் "பாரதி" என்ற படத்தை எடுத்தார். இந்தப் "பாரதி"யைப் பற்றிப் புதுவைக்காரர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்கார சர்க்காரின் பிடிக்குத் தப்பி 1908-ல் இந்தப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்து, 1918 வரையில் பத்து வருஷம் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர் சுப்பிரமணிய பாரதியார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்றும் நிற்கின்றது. ஆகவே அவரைப் பற்றிப் படம் என்றவுடன் நம்மூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கலியாணத்திற்கு மாப்பிள்ளை பார்ப்பது போல், "வேஷம் யாருக்கு?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை.

வேஷம் யாருக்கென்றால், சாயாஜி ஷிண்டே என்னும் ஒரு மராட்டிய நடிகருக்கு! உடனே பண்டிதர்கள் கிளம்பினார்கள். தமிழுக்கென்று வாழ்ந்த புலவனுக்குத் தமிழ் வாயில் நுழையாத ஆளா? தலைப்பாகையும் மீசையும் வைத்து விட்டால் பாரதி ஆகிவிடுமா? இத்தனை கோடித் தமிழரில் ஒருவனுக்கு அந்த மீசை பொருந்தாமல் போய்விட்டதா? என்றெல்லாம் கேள்விகள் புறப்பட்டன. படம் வந்தது. பேச்சுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கண்ணும், அந்த நடையும், வறுமையில் இருந்துகொண்டே நிமிர்ந்து நிற்கிற அந்தத் தலையும் அந்த மராட்டியர் கொடுத்தவைதான். சந்தேகப்பட்டவர்களே கண் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. இன்றைக்குச் சிறு பிள்ளைகள் பாரதியாரை மனதில் நினைத்தால், புகைப்படத்தில் உள்ள பாரதியோடு அந்த ஷிண்டேயின் முகமும் சேர்ந்தே வருகிறதென்றால், அந்த "யோக்கியதை இல்லாத" ஆளின் யோக்கியதையை என்னவென்று சொல்வது?

இந்த அனுபவம் இருந்தபடியால்தான், அதே டைரக்டர் அடுத்தபடியாகப் பெரியாரைப் பற்றிப் படம் எடுக்கிறார் என்று தெரிந்தபோது அனேகர் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். இந்த எதிர்பார்ப்பு அறிவுக்குப் பொருந்தியதேயாகும். முன்பு நமது வியாதியைச் சொஸ்தப்படுத்திய வைத்தியனிடம் மறுபடியும் போவது மூடநம்பிக்கை அல்ல. முன்பு செய்த வேலையைப் பார்த்து, இனிச் செய்யப் போகிற வேலையை ஊகிப்பதுதான் அது. ஆனால் அந்த வைத்தியன் கொடுக்கிற விபூதியும் மருந்துதான் என்று சொல்ல ஆரம்பித்தால், அப்போது நாம் நோயாளியாக இல்லாமல் பக்தனாகி விட்டோம் என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டு விதமான சந்தேகம்

பெரியார் வேஷத்திற்குத் தோழர் சத்யராஜ் என்று சொல்லப்பட்டது. நாகம்மையாராக ஜோதிர்மயி. மணியம்மையாராக குஷ்பு. இந்த மூன்று பேரைப் பற்றியும் சந்தேகங்கள் கிளம்பின.

சத்யராஜைப் பற்றிய சந்தேகம் ஒரு மாதிரி. அவர் நல்ல நெட்டை ஆள். பெரியாரோ அவ்வளவு உயரமில்லாதவர். அவர் வில்லனாகவும், பிறகு நையாண்டி பேசுகிற கதாநாயகனாகவும் பேர் வாங்கினவர். வாலிபம் முதல் தொண்ணூற்று நான்கு வயது வரையிலும் ஒரே ஆள் நடிப்பதென்றால், தாடி ஒட்டின இடம் தெரியாமல் இருக்குமா, குரல் கிழடு தட்டுமா, எந்த நிமிஷத்தில் பழைய நையாண்டி எட்டிப் பார்க்குமோ என்று கேட்டார்கள். இந்தச் சந்தேகத்தை நாம் மதிக்கிறோம். இது தச்சனைப் பார்த்து, "உனக்கு இழைப்புளி பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்பதற்குச் சமானமானது. வேலையைப் பற்றிய சந்தேகம். வேலையைப் பார்த்தவுடன் தீர்ந்து போகக் கூடியது.

குஷ்பு அம்மையாரைப் பற்றிய சந்தேகமோ வேறு மாதிரி. பம்பாயில் பிறந்தவராயிற்றே, வேலூர்ப் பெண்ணின் தமிழ் வருமா என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அப்படிக் கேட்டவர்கள் வெகு சிலர். பெரும்பாலோர் கேட்டது என்ன? "கற்பைப் பற்றி அப்படிப் பேசிய பெண்ணையா அம்மா வேஷத்தில் போடுவது?" என்பதுதான்.

அப்படி அவர் என்னதான் பேசிவிட்டார்? 2005-ம் வருஷம் ஒரு பத்திரிகைக்கு அவர் அபிப்பிராயம் சொன்னார். படித்த ஆண்பிள்ளைகள் தங்களுக்கு வரப்போகும் பெண் கன்னியாகவே இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கக்கூடாது என்றும், பெண்கள் கருத்தரிக்காமலும் நோய் தொற்றாமலும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னதுதான் அதன் கருத்து. அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பிரளயமே உண்டாயிற்று. ஊருக்கு ஊர் விளக்குமாறும் செருப்பும் தூக்கி ஊர்வலம் விட்டார்கள். 23 கிரிமினல் பிராதுகள் போடப்பட்டன. மேட்டூர்க் கோர்ட்டுக்கு வந்தபோது தக்காளியும் முட்டையும் வீசினார்கள். கடைசியில் 28-4-2010-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அத்தனை பிராதுகளையும் தள்ளினார்கள். ஆனால் பெரியார் படம் எடுக்கப்பட்ட சமயத்தில் அந்த வழக்குகளெல்லாம் அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வருஷங்களுக்கு முன் திருச்சியில் இதே அம்மையாருக்கு ரசிகர்கள் கோயில் கட்டினார்கள்! நேற்று கர்ப்பூரம், இன்று விளக்குமாறு. இந்த இரண்டையும் தூக்கின கை ஒரே கைதான். ஒரு மனுஷியை மனுஷியாகப் பார்க்கத் தெரியாதவன் முதலில் தெய்வமாக்குவான். அந்தத் தெய்வம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொந்தமாகப் பேசிவிட்டால் உடனே அதைப் பேயாக்குவான். ஆண் தெய்வங்கள் எத்தனை பெண்டாட்டி கட்டினாலும் திருவிழாக் கொண்டாடுகிறவன், பெண் ஒரு அபிப்பிராயம் சொன்னால் கோர்ட்டுக்குப் போகிறான் என்றால், அவன் காப்பாற்ற நினைப்பது கற்பையா, அல்லது தன் எஜமான அதிகாரத்தையா என்று கேட்கிறோம்.

நாடகமேடையில் இல்லாத கேள்வி

நமது பெரியவர்கள் நாடகம் நடத்தின காலத்தில் இந்தக் கேள்வி இருந்ததா? தமிழ் நாடகத்திற்குத் தலைமை ஆசிரியர் என்று சொல்லப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் இந்தப் புதுவையில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் 1918-ல் மதுரையில் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முழுவதும் பையன்களைக் கொண்ட கம்பெனி. அங்கே வள்ளியாகவும், கண்ணகியாகவும், பவளக்கொடியாகவும் நின்றவர்கள் மீசை முளைக்காத சிறுவர்கள். பெண்ணாகவே பிறக்காத ஒருவன் பத்தினியாக நடித்தபோது, "இவனுக்குக் கற்பு உண்டா?" என்று எந்தப் பக்தனாவது கேட்டானா? அழவேண்டிய இடத்தில் அழுதுவிட்டு, மறுநாளும் டிக்கட் வாங்கிக்கொண்டல்லவா வந்தான்!

சினிமா வந்த பிறகும் அப்படித்தான் நடந்தது. 1935-ல் "பக்த நந்தனார்" படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்னும் அம்மையார். அதற்கு அவர் அந்தக் காலத்தில் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியதாக நாடே வாயைப் பிளந்தது. 1941-ல் "சாவித்திரி" படத்தில் நாரதராக வந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார். ஆண் வேஷத்தில் பெண், அதுவும் பக்தர் வேஷத்திலும் முனிவர் வேஷத்திலும்! பாட்டு நன்றாயிருந்தது, கேட்டார்கள். ஆகவே வேஷம் வேறு, ஆள் வேறு என்பது நமது சனங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. தங்களுக்குச் சௌகரியப்பட்டபோது தெரிந்துகொள்வார்கள். ஒரு பெண்ணை மட்டந்தட்ட வேண்டியபோது மறந்துபோவார்கள். அவ்வளவுதான்.

வேஷத்தின் குணம் ஆளுக்கும் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்துப் பாருங்கள். அரிச்சந்திர நாடகம் போட வேண்டுமானால் முதலில் பொய்யே சொல்லாத ஆளைத் தேட வேண்டும். அப்படி ஒருவன் கிடைத்தாலும் நாடகக் கம்பெனியின் கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்தவுடன் ஓடிப்போவான். இராமன் வேஷத்திற்கு ஏகபத்தினி விரதன் வேண்டுமென்றால், சினிமா உலகத்தில் எத்தனை இராமாயணப் படம் வந்திருக்க முடியும்? கொலைகாரன் வேஷத்திற்கு ஜெயிலிலிருந்து ஆள் தருவிப்பதா? நாத்திகரான நடிகர் சாமியார் வேஷம் போடலாம். அதை எந்த ஆஸ்திகரும் ஆட்சேபிப்பதில்லை. அதைப்போல் கோயிலுக்குப் போகிற நடிகை நாத்திகப் பெண்ணாக நடித்தால் நமக்கு என்ன குடி முழுகிப் போய்விடும்?

வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு

நம் நாட்டாருக்கு மாத்திரம் இந்தக் குறை என்று நாம் சொல்ல வரவில்லை. 1982-ல் ஆட்டன்பரோ என்னும் ஆங்கிலேயர் "காந்தி" படம் எடுத்தபோது, பென் கிங்ஸ்லி என்ற ஆங்கில நடிகரை வேஷத்திற்குப் போட்டது பற்றி இந்தியாவில் முணுமுணுத்தார்கள். அவருடைய தகப்பனார் குஜராத்தி வம்சத்தவர் என்று தெரிந்தவுடன் சிலர் சமாதானமடைந்தார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் இரத்தம்தான் சாக்ஷி சொல்ல வேண்டியிருந்தது! ஆனால் அவருக்கு ஆஸ்கார் விருது வாங்கித் தந்தது தகப்பனாருடைய இரத்தமா, அவருடைய உழைப்பா?

1998-ல் பாகிஸ்தானில் "ஜின்னா" படம் எடுத்தார்கள். வேஷம் கிறிஸ்டோபர் லீக்கு. இவர் டிராகுலா என்னும் இரத்தம் குடிக்கிற பேயாகப் பல படங்களில் நடித்துப் பிரசித்தி பெற்றவர். "எங்கள் தேசப் பிதாவுக்கு டிராகுலாவா?" என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் குதித்தன. லீயோ, தம் வாழ்நாளில் நடித்ததில் அதுவே முக்கியமான வேஷம் என்று கடைசி வரையில் சொல்லி வந்தார். டாக்டர் அம்பேத்கர் படத்தை ஜப்பார் படேல் என்னும் மராட்டியர் எடுத்தபோது, அம்பேத்கராக நடித்தவர் மலையாள நடிகர் மம்முட்டி; இஸ்லாமானவர். அதற்காக அவருக்குச் சிறந்த நடிகர் என்கிற தேசிய விருதும் கிடைத்தது. ஆக, தமிழ்ப் புலவராக ஒரு மராட்டியர் ஜெயித்தார். மராட்டியத் தலைவராக ஒரு மலையாளி ஜெயித்தார். பிறப்பினால் யோக்கியதை வருமென்று சொல்லுகிற வருணாசிரமக்காரர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?

நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை

நிற்க, குஷ்பு அம்மையாரைப் பற்றி ஆட்சேபித்தவர்கள் எல்லோரும் வைதிகர்களாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. பகுத்தறிவு பேசுகிற தோழர்களிலேயே சிலர், "நம் தலைவர் வீட்டு அம்மாவாயிற்றே, கௌரவம் என்று ஒன்று இல்லையா?" என்று மனம் சலித்துக்கொண்டார்கள். இதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மணியம்மையாருக்குக் கௌரவம் யார் கொடுத்தார்கள்? 9-7-1949-ந் தேதி திருமணம் நடந்தபோது பெரியாருக்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மையாருக்கு முப்பது நிறையவில்லை. வைதிகர்கள் மாத்திரமல்ல, கூட இருந்தவர்களும் ஏசினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் மேடையிலும் பத்திரிகையிலும் பேசினார்கள். அந்த அம்மையார் ஒரு பதிலும் சொல்லாமல் வேலையைப் பார்த்தார். 1973-ல் பெரியார் மறைந்த பிறகு, 1978-ல் தாம் மறையும் வரையில் ஒரு நாத்திக இயக்கத்திற்குத் தலைமை வகித்து நடத்தினார். ஊர் வாயில் விழுந்து எழுந்த ஒரு பெண்ணின் வேஷத்தை, ஊர் வாயில் விழுந்து எழுந்த வேறொரு பெண் போட்டால், அதில் குறைந்துபோனது எந்தக் கௌரவம்?

கற்பு என்பதைப் பெண்ணுக்கு மாத்திரம் விலங்காகப் பூட்டியிருக்கிறார்கள் என்று "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தில் எழுதியவர் யார்? அவருடைய படத்திலேயே ஒரு பெண்ணுக்கு வேஷம் கொடுக்க, கற்பு சர்ட்டிபிகேட் கேட்பதென்றால், அது பாகவதர் கதையில் பிரசங்கத்திற்கு ஒரு கத்தரிக்காய், சமையலுக்கு ஒரு கத்தரிக்காய் என்பது போலல்லவா முடியும்? டைரக்டர் அந்தக் கூச்சலுக்குப் பயந்து ஆளை மாற்றாமல் இருந்தாரே, அந்தப் படத்தில் அவர் செய்த முதல் சுயமரியாதை வேலை அதுவே என்று நாம் சொல்லுவோம்.

படம் வந்த பின்

படம் வந்தது. தமிழ்நாடு அரசாங்கத்தார் 95 லட்ச ரூபாய் உதவியிருந்தார்கள். ஆகையால் குற்றங்குறை சொல்லப் பொது ஜனங்களுக்கு இரட்டைப் பாத்தியதை உண்டு. சத்யராஜின் உயரம் இரண்டாவது காட்சியிலேயே மறந்துபோயிற்று. கிழப் பருவத்தில் அவர் தடியை ஊன்றி உட்காரும் விதத்தையும், பேச்சை இழுத்து நிறுத்தும் விதத்தையும் பார்த்து, நேரில் கண்டிருந்த முதியவர்களே கண் கலங்கினார்கள். குஷ்பு அம்மையார் அடக்கமாக, பேச்சைக் குறைத்து, வேலைக்காரியாகவும் தாதியாகவும் தோழியாகவும் நின்றார். தூக்கியெறியும்படியாக அதில் ஒன்றுமில்லை. தமிழில் சிறந்த படம் என்ற தேசிய விருது இதற்கும் கிடைத்தது.

அப்படியானால் படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தொண்ணூற்று நான்கு வருஷத்து வாழ்க்கையை ஒரே படத்தில் அடைக்கப் பார்த்ததில், ஈரோடும் காசியும் வைக்கமும் மாநாடுகளும் கண்காட்சியில் படங்களை வரிசையாக மாட்டி வைத்தது போல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு காட்சி மனதில் தைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அந்த மனுஷர் எப்படி மாறினார் என்பதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றனவே தவிர, மாறுகிற வேதனை போதுமான அளவு காட்டப்படவில்லை. இது நடிகர் குற்றமல்ல. கதையை வகுத்த டைரக்டரின் குறை. இதிலுள்ள பாடத்தைப் பாருங்கள்: ஊரார் ஒரு வருஷ காலம் சந்தேகித்த இடத்தில் பழுதில்லை. எல்லோரும் நம்பிச் சும்மா இருந்த இடத்தில்தான் பழுது இருந்தது! நடிகையின் கற்பை விசாரித்த நேரத்தில் பாதி நேரத்தை, "இவ்வளவு பெரிய வாழ்க்கையை மூன்று மணி நேரத்தில் எப்படிச் சொல்லப் போகிறீர்?" என்று கேட்பதில் செலவிட்டிருந்தால், டைரக்டருக்காவது உபயோகப்பட்டிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டியது நியாயம். குஷ்பு அம்மையார் 2010-ல் தி.மு.க.வில் சேர்ந்தார். 2014-ல் காங்கிரசுக்குப் போனார். 2020-ல் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். உடனே, "அப்போதே சொன்னோம் பார்த்தீர்களா, இவரையா மணியம்மையாராகப் போட்டது?" என்று சிலர் மறுபடியும் கிளம்பினார்கள். "மணியம்மையாராக நடித்தவரே இப்படிச் செய்யலாமா?" என்று வேறு சிலர் வருத்தப்பட்டார்கள். இருவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வேஷம் போட்டதனால் அவர் இயக்கத்துப் பெண்ணாகி விட்டார் என்று நினைத்தது யாருடைய குற்றம்? அவருடைய கட்சியை நாம் எதிர்க்கலாம்; மேடை போட்டுக் கண்டிக்கலாம்; ஓட்டுப் போடாமல் இருக்கலாம். அது 2020-ல் அவர் செய்த காரியத்திற்கு. 2007-ல் அவர் நடித்த நடிப்பை அது கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கொத்தனார் கட்சி மாறினார் என்று அவர் கட்டின சுவரை யாராவது இடிப்பார்களா?

எதிர்பார்ப்பும் பக்தியும்

இனி எதிர்பார்ப்பின் மறுபக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். படம் வெளியாகிற நாளன்று கட்டவுட்டுக்குப் பால் அபிஷேகம் செய்கிறார்கள். கல்லுக்குப் பாலை ஊற்றாதே என்று நூறு வருஷமாகச் சொல்லி வருகிறோம். இப்போது அட்டைக்கு ஊற்றுகிறார்கள்! கடைவாசலில் இறக்கி வைத்த பாக்கெட்டுகள் களவு போகின்றன என்று பால் முகவர்கள் முறையிடும் அளவுக்கு இந்தப் பக்தி முற்றியிருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு கொட்டகை வாசலில், படம் வெளிவந்த குஷியில் லாரி மேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயது வாலிபன் கீழே விழுந்து செத்தான். அவனைப் பெற்றவர்களுக்கு அந்தப் படம் நன்றாயிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பெரியார் சினிமாவை மெச்சினவரல்ல. அதனால் மக்களுக்குக் கேடு என்று சொல்லி வந்தவர். அவர் பயந்ததும் இதற்காகத்தான். நடிகனைத் தெய்வமாக்குகிறவனும், நடிகையின் ஒழுக்கத்தைத் துருவுகிறவனும் வேறு வேறு ஆள் அல்ல. ஆளுக்கும் வேஷத்திற்கும் வித்தியாசம் தெரியாததே இருவருக்கும் உள்ள வியாதி.

கேட்கத் தகுந்த கேள்விகள்

ஆகவே, உங்களுக்குப் பிடித்த ஒரு டைரக்டரின் அடுத்த படத்தைப் பற்றிச் சேதி வந்தால், தாராளமாக எதிர்பாருங்கள். தாராளமாகச் சந்தேகமும் படுங்கள். ஆனால் இன்ன இன்ன கேள்விகளைக் கேளுங்கள் என்று நாம் சொல்லுகிறோம்.

முதலாவது, அந்த டைரக்டர் இதற்கு முன் செய்த வேலை என்ன? அதில் எது நன்றாயிருந்தது, எது கோணலாயிருந்தது? பேரைப் பார்த்து நம்பாமல் வேலையைப் பார்த்து நம்புங்கள்.

இரண்டாவது, நடிகருக்கு அந்த வேஷத்திற்கு வேண்டிய பேச்சும், குரலும், உடற்பழக்கமும், படிப்பும் உண்டா? இல்லாவிட்டால் கற்றுக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்கிறார்களா? ஞான ராஜசேகரனே 2014-ல் "ராமானுஜன்" எடுத்தபோது, அதிகம் பேர் அறியாத ஒரு வாலிபரைத்தான் கணித மேதையாக நிறுத்தினார். புது ஆள் என்பது குற்றமல்ல. பழக்காமல் விடுவதுதான் குற்றம்.

மூன்றாவது, யாருக்கு எந்த வேஷம் எழுதப்பட்டிருக்கிறது? நமது ஊர்ப் பாரதிதாசன் இரணியனை "இணையற்ற வீரன்" என்று நாடகமாக எழுதி, அது 1934-ல் பெரியார் தலைமையில் மேடை ஏறிற்று. புராணக்காரன் அரக்கனாக்கினவனை அவர் கதாநாயகனாக்கினார். இதுவல்லவா பகுத்தறிவுக்காரன் கேட்க வேண்டிய வேஷப் பொருத்தம்? கறுத்தவனையும் ஏழையையும் கோமாளியாகவும் ரவுடியாகவும் போட்டுவிட்டு, கதாநாயகிக்கு மாத்திரம் சிவப்புத் தோல் தேடி வடக்கே ரயில் ஏறுவதும், சேரிப் பெண் வேஷத்திற்கு அந்தச் சிவப்புத் தோலுக்கே கறுப்பு மை பூசுவதும் தமிழ்ச் சினிமாவில் வெகு நாளைய வழக்கம். இதைக் கண்டியுங்கள். ஆனால் கண்டனம் போய்ச் சேர வேண்டிய இடம் படம் எடுக்கிற முதலாளி. கூலிக்கு வந்து நடிக்கிற பெண் அல்ல.

நான்காவது, படத்தைப் பார்த்த பிறகு, முன் சொன்ன அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நீங்கள் தயாரா? தயாரில்லையென்றால், நீங்கள் கொண்டது சந்தேகம் அல்ல, வீம்பு.

இந்த நான்கு கேள்விகளும் கேட்டுப் பழகுகிறவன் சினிமாக் கொட்டகையில் மாத்திரம் பிழைத்தவன் ஆகமாட்டான். ஓட்டுக் கேட்டு வருகிறவனையும், உபதேசம் செய்ய வருகிறவனையும், பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று வருகிறவனையும், பிறப்பைக் கேட்காமல் வேலையைக் கேட்கிற புத்தி அவனுக்கு வந்துவிடும். அதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினோம்.

டிக்கட்டுக்குக் கொடுத்த காசுக்குப் படம் பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு; நன்றாயில்லை என்று சொல்லுகிற உரிமையும் உண்டு. நடித்தவர் பிறப்பையும் படுக்கையையும் விசாரிக்கிற உரிமை அந்தக் காசில் அடங்கினதல்ல.